கான்பான் சான்றிதழ்: பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய தயாரிப்பு

"மகன் ஐ.டி. கம்பெனியில் சப்போர்ட் வேலையில் இருக்கிறான். கான்பான் என்று இரண்டு நாள் வகுப்பு இருக்கிறதாம். முடித்தால் சர்வதேசச் சான்றிதழ் தருவார்களாம். கட்டணம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. கட்டலாமா?"

இப்படியொரு கேள்வி வந்தால் நம்மில் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. மருத்துவம், பொறியியல், சி.ஏ. என்றால் குடும்பத்திலோ தெருவிலோ விவரம் தெரிந்த ஒருவராவது இருப்பார். கான்பான் என்றால் பெரியவர்களுக்குப் பெயரே புதிது. பிள்ளைக்கும் விளம்பரத்தில் படித்ததைத் தவிர அதிகம் தெரியாது. வாப்பா வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணம் அல்லது உம்மாவின் சிறுசேமிப்பு இதற்காகச் செலவாகப் போகிறது. எனவே இந்தச் சான்றிதழ் எதைப் பற்றியது, யாருக்குப் பயன்படும், எப்படித் தயாராவது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறோம். இது கேள்வி வங்கியை மனப்பாடம் செய்து வாங்கும் சான்றிதழ் அல்ல. அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரின் வகுப்பில் முழுமையாகக் கலந்துகொண்டு பெறுவது. ஆகவே வகுப்புக்குப் போகும்போது பிள்ளை கையில் எதைக் கொண்டு போகிறான் என்பதைப் பொறுத்தே இதன் பலன் அமையும். வெறுங்கையோடு போனால் வெறும் காகிதத்தோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

எங்கிருந்து வந்தது கான்பான்?

கான்பான் என்பது ஜப்பானியச் சொல். பெயர்ப்பலகை, அடையாள அட்டை என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டொயோட்டா கார் நிறுவனத்தில் பணியாற்றிய தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் இந்த முறையை உருவாக்கினார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் நடைமுறைதான் அவருக்கு யோசனை தந்தது. அங்கே வாடிக்கையாளர் எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஈடாக மட்டுமே அலமாரியில் மீண்டும் பொருள் நிரப்பப்படும். அதுபோலவே தொழிற்சாலையிலும் அடுத்த பகுதி கேட்ட பிறகே முந்தைய பகுதி உதிரிப்பாகத்தைத் தயாரிக்க வேண்டும் என்றார் ஓனோ. அப்படிக் கேட்பதற்கான சீட்டுதான் கான்பான். சீட்டு வராவிட்டால் உற்பத்தியும் இல்லை. 1953-ல் டொயோட்டாவின் இயந்திரப் பிரிவில் இது நடைமுறைக்கு வந்தது.

கார் தொழிற்சாலையில் பிறந்த இந்த முறை கணினித் துறைக்கு வந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 2004-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள்ளகப் பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரிக்கும் குழு ஒன்று ஹைதராபாத்தில் இயங்கி வந்தது. மூன்று டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள், ஒரு மேலாளர், அவ்வளவுதான். வரிசையில் 80-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் காத்திருந்தன. ஒரு கோரிக்கை நிறைவேற ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. கேட்டவர்கள் எல்லோரும் அதிருப்தியில் இருந்தார்கள்.

அந்தப் பொறுப்புக்கு வந்த டிராகோஸ் டுமிட்ரியு என்ற மேலாளர், டேவிட் ஆண்டர்சனின் ஆலோசனையோடு பிரச்சினையை ஆராய்ந்தார். ஊழியர்கள் சோம்பேறிகள் அல்ல. புதிதாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் "இதற்கு எத்தனை நாள் ஆகும்" என்று 48 மணி நேரத்துக்குள் மதிப்பீடு தர வேண்டும் என்பது விதி. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மதிப்பீடு போடுவதிலேயே குழுவின் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. அப்படி மதிப்பிட்டவற்றில் பாதியளவு கடைசிவரை செய்யப்படவும் இல்லை.

மதிப்பீடு போடுவது நிறுத்தப்பட்டது. ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கப்பட்டது. இடம் காலியானால்தான் அடுத்த வேலை உள்ளே வரும். பிறகு டெவலப்பர், டெஸ்டர் எண்ணிக்கையும் படிப்படியாகச் சரிசெய்யப்பட்டது. 2005 இறுதியில் தேங்கியிருந்த வரிசை தீர்ந்தது. சராசரிக் காலம் 14 நாளாகக் குறைந்தது. முடிக்கும் வேலையின் அளவு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இந்த அனுபவங்களிலிருந்து வளர்ந்ததே இன்று அலுவலகங்களில் பேசப்படும் கான்பான் முறை. ஆண்டர்சன் 2010-ல் இதைப் பற்றி நூல் எழுதினார். அவர் தொடங்கிய கான்பான் யுனிவர்சிட்டி என்ற அமைப்புதான் இப்போது நாம் பேசும் சான்றிதழை வழங்குகிறது. பெயரில் யுனிவர்சிட்டி என்று இருந்தாலும் இது பட்டம் தரும் பல்கலைக்கழகம் அல்ல, தொழில்முறைப் பயிற்சி அமைப்பு. இதைப் பெற்றோர் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்தச் சான்றிதழ், எந்த நிலை?

தொடக்க நிலையில் ஒருநாள் வகுப்பு உண்டு. அதற்கு 'டீம் கான்பான் பிராக்டிஷனர்' என்று பெயர். அதற்கு அடுத்தது 'கான்பான் சிஸ்டம் டிசைன்'. இதைத்தான் சுருக்கமாக கே.எம்.பி. 1 என்கிறார்கள். ஒரு பணியிடத்தின் வேலை ஓட்டத்தை ஆராய்ந்து, அதற்கேற்ற கான்பான் அமைப்பை வடிவமைப்பது இதன் பாடம். வழக்கமாக இரண்டு நாள் வகுப்பு. ஆன்லைனில் அதையே அரை நாள் அமர்வுகளாகப் பிரித்தும் நடத்துகிறார்கள். இதன் பிறகு கே.எம்.பி. 2. இரண்டையும் முடித்தவர்களுக்கு 'கான்பான் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்' என்ற தகுதி கிடைக்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, ஸ்க்ரம் டாட் ஆர்க் அமைப்பின் பி.எஸ்.கே. 1. அது தேர்வு எழுதிப் பெறுவது, வகுப்புக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை, தேர்ச்சிக்கு 85 சதவீதம் வேண்டும். ஸ்க்ரம் முறையில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கே அது பொருந்தும். பிள்ளை எதைப் படிக்கப் போகிறான் என்று கேட்டால் "கான்பான்" என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்த அமைப்பு, எந்த நிலை என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

சுவரில் பலகை மாட்டி, செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று கட்டம் போட்டால் அதுவே கான்பான் என்று பலர் நினைக்கிறார்கள். ட்ரெல்லோ, ஜிரா போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துபவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. பலகை வெறும் கண்ணாடிதான். கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு இல்லாத இடத்தில் கான்பான் இல்லை.

இந்த முறைக்கு ஆறு நடைமுறைகள் உண்டு. வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது, நடப்பு வேலைக்கு வரம்பு வைப்பது, வேலை தடையின்றி ஓடுகிறதா என்று கவனிப்பது, விதிகளை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைப்பது, குறிப்பிட்ட இடைவெளியில் கூடிப் பேசித் திருத்துவது, சேர்ந்து சிறுசிறு சோதனைகளால் முன்னேறுவது. இவற்றுக்கெல்லாம் அடித்தளமான கொள்கை ஒன்று உண்டு: இப்போது எப்படி வேலை நடக்கிறதோ அங்கிருந்தே தொடங்கு. யாருடைய பதவியையும் மாற்றாதே, எதையும் ஒரே நாளில் தலைகீழாகப் புரட்டாதே.

வடிவமைப்பதற்கு 'ஸ்டாட்டிக்' என்ற படிமுறை இருக்கிறது. கே.எம்.பி. 1 வகுப்பின் முதுகெலும்பு இதுதான். நமக்கெல்லாம் தெரிந்த ஒரு தையல் கடையை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

பெருநாள் நேரத்துத் தையல் கடை

ரமளான் பிறந்ததும் தையல் கடையில் துணி குவியும். யார் வந்தாலும் டெய்லர் "இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்கு முன்னால் தந்துடலாம்" என்று வாங்கிப் போட்டுக்கொள்வார். கடைசி மூன்று நாள் இரவு முழுக்க விளக்கு எரியும். பெருநாள் இரவு வரை வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள். சிலருக்குச் சட்டை கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. இதை எப்படி வடிவமைப்பது?

முதல் படி, வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்பது. விலை குறைவா, வேகமா, சொன்ன தேதியில் கிடைப்பதா? பெருநாள் துணிக்குத் தேதிதான் முக்கியம். ஒருநாள் தாமதித்தால் சட்டைக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, அதிருப்தி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. "சொன்ன தேதியில் தருவதில்லை" என்பது வாடிக்கையாளர் குறை. "அளவு சரியாக எழுதாமல் அனுப்புகிறார்கள், பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது" என்பது தைப்பவர் குறை. இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும்.

மூன்றாவதும் நான்காவதும் கணக்கு. என்னென்ன வகைத் துணி, வாரத்துக்கு எத்தனை வருகிறது? கடையால் எத்தனை முடிக்க முடிகிறது? இங்கே அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த எளிய விதி உதவுகிறது. கையில் இருக்கும் வேலையின் சராசரியை, ஒரு நாளில் முடியும் சராசரியால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நாட்கள் கிடைக்கும். கடையில் நாளுக்கு 6 உருப்படி முடிகிறது, கையில் 60 இருக்கிறது என்றால் 10 நாள். அதே கடை 120 உருப்படி வாங்கி வைத்தால் 20 நாள். டெய்லர் வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. தொடர்ந்து பல நாட்களுக்கு ஒரே சீராக நடக்கும் வேலைக்கே இந்த விதி சரியாகப் பொருந்தும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, வேலை ஓடும் பாதையை வரைவது. அளவு, கட்டிங், தையல், காஜா பட்டன், அயர்ன், டெலிவரி. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கத்தரி வைப்பதற்கு முன் துணியைத் திருப்பிக் கொடுக்கலாம், வேறு கடைக்கு அனுப்பலாம். கத்தரி வைத்த பிறகு முடியாது. அந்த இடத்தைத்தான் கான்பானில் 'கமிட்மென்ட் பாயின்ட்' என்கிறார்கள், அதாவது வாக்குக் கொடுக்கும் இடம். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது. கோரிக்கை மின்னஞ்சலில் வந்தவுடனேயே வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. ஹைதராபாத் குழுவின் சிக்கலும் இதற்கு நெருக்கமானதுதான்: எடுக்கப் போகிறோமா என்று தெரியாத வேலைக்கெல்லாம் உழைப்பு செலவானது.

ஆறாவது, சேவை வகைகளைப் பிரிப்பது. நாளை நிக்காஹ், மாப்பிள்ளை சட்டை கிழிந்துவிட்டது என்றால் அது அவசர வகை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைச் செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றுதான். பெருநாள் துணி, பள்ளிச் சீருடை ஆகியவை தேதி குறித்த வகை. மற்றவை சாதாரண வகை, வந்த வரிசைப்படி. மெஷினுக்கு எண்ணெய் விடுவது, புதிய மாடல் பழகுவது போன்றவை நான்காவது வகை. இன்று செய்யாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் செய்யாமலே விட்டால் ஒருநாள் கடையே நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் பலகை. கட்டிங் முடிந்து தைக்கக் காத்திருப்பது 6-க்கு மேல் போகக்கூடாது, தையலில் 4, காஜாவில் 3 என்று வரம்பு எழுத வேண்டும். காஜாவில் 3 நிறைந்துவிட்டால் தைப்பவர் புதிய சட்டையைத் தொடக்கூடாது, காஜா போடுபவருக்குக் கை கொடுக்க வேண்டும். "துணி, அளவு, முன்பணம் மூன்றும் வந்த பிறகே கட்டிங்" என்ற விதியை எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும். கடைசியாக, கடையில் உள்ள எல்லோரிடமும் இதைப் பேசிச் சம்மதம் பெற வேண்டும். ஒருவர் மட்டும் வரைந்து மாட்டிய பலகை ஒரு வாரம்கூட நிற்காது.

டெய்லரைப் பொறுத்தவரை இதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. வரம்பு வைத்தால் சிலரிடம் "என்னால் முடியாது" என்று சொல்ல வேண்டும். ஆனால் பெருநாள் இரவில் பிள்ளையை அழவைத்து அனுப்புவதைவிட, இருபது நாள் முன்பே இல்லை என்று சொல்வது நேர்மையானது. அந்தக் குடும்பம் வேறு கடை பார்த்துக்கொள்ளும்.

நான்கு வாரத் தயாரிப்பு

வகுப்புக்கு நான்கு வாரம் முன்பே தயாரிப்பைத் தொடங்குவது நல்லது.

முதல் வாரம் வாசிப்பு. கான்பான் யுனிவர்சிட்டியின் அதிகாரபூர்வ வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டர்சனும் ஆண்டி கார்மைக்கேலும் 2016-ல் எழுதிய 'எசென்ஷியல் கான்பான் கண்டென்ஸ்டு' என்ற சிறு நூலும் அப்படியே. இரண்டும் ஆங்கிலத்தில் இருப்பவை. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள் ஒவ்வொரு பகுதியையும் படித்துவிட்டு வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். உம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாம் வாரம் கணக்கெடுப்பு. தன் சொந்த வேலையில், அது சப்போர்ட் டிக்கெட்டாக இருக்கலாம், கணக்குப் பிரிவின் பில்லாக இருக்கலாம், கடைசி 20 அல்லது 30 வேலைகளுக்குத் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுத வேண்டும். சராசரியை மட்டும் பார்க்காமல், எத்தனை வேலைகள் எத்தனை நாளில் முடிந்தன என்று பரப்பாகப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் முடிந்ததும் இருக்கும், நாற்பது நாள் ஆனதும் இருக்கும். நாற்பது நாள் ஆனது ஏன் என்று தேடும்போதுதான் பாடம் தொடங்குகிறது. ஒன்றை மறக்கக் கூடாது: வாடிக்கையாளர் பெயர், அலுவலக ரகசியம் எதையும் வெளியே கொண்டு போகக்கூடாது. தேதிகளும் வேலை வகையும் போதும்.

மூன்றாம் வாரம் பலகை. ஒரு சார்ட் தாள், ஒட்டும் சீட்டுகள், பேனா போதும். வேலை நடக்கும் பாதையை வரைந்து வரம்பு வைத்து ஒரு வாரம் நடத்திப் பார்க்க வேண்டும். புதியவர்கள் செய்யும் மூன்று தவறுகளைத் தவிர்க்க வேண்டும். கட்டங்களுக்கு ஆட்களின் பெயரை வைப்பது ஒன்று. கட்டம் வேலையின் நிலையைக் காட்ட வேண்டும், ஆளை அல்ல. யாரும் தொடாத அளவுக்குப் பெரிய வரம்பை வைப்பது இரண்டாவது. எல்லா வேலையையும் அவசரம் என்று குறிப்பது மூன்றாவது.

நான்காம் வாரம் கேள்விகள். எங்கே வேலை தேங்கியது, எந்த வரம்பு உடைந்தது, யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும். வகுப்பில் பயிற்சிகளும் குழு விவாதங்களும் இருக்கும். சொந்தக் கேள்வியோடு வருபவருக்குப் பயிற்சியாளரின் அனுபவம் முழுமையாகக் கிடைக்கும். மற்றவர்கள் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யார் போகலாம், யார் பொறுக்கலாம்?

சாஃப்ட்வேர், சப்போர்ட், டெஸ்டிங் ஆகியவற்றில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், சிறு குழுவுக்குப் பொறுப்பேற்கப் போகிறவர்கள், மனிதவளம், கொள்முதல், மருத்துவமனை நிர்வாகம் போன்ற அலுவலகப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு இது பயன் தரும். ஆன்லைன் வகுப்பு இருப்பதால் வீட்டிலிருந்து பணிபுரியும் சகோதரிகளும் கலந்துகொள்ளலாம்.

கல்லூரி முடித்து இன்னும் வேலைக்குப் போகாதவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பது நம் கருத்து. நேர்முகத் தேர்வில் "வரம்பை எங்கே வைத்தீர்கள், ஏன் அங்கே வைத்தீர்கள், வைத்த பிறகு என்ன மாறியது?" என்று கேட்பார்கள். பணியிடத்தைப் பார்க்காதவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர்கள் இலவச நூல்களைப் படித்து, மாமாவின் கடையிலோ தெரிந்தவர் அச்சகத்திலோ அனுமதி வாங்கி ஒரு பலகை நடத்திப் பார்க்கட்டும். சான்றிதழ் இல்லாவிட்டாலும் அந்த அனுபவம் நேர்முகத் தேர்வில் பேசும்.

பணம் கட்டுமுன்

பயிற்சியாளரின் பெயர் கான்பான் யுனிவர்சிட்டி இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழை வழங்குவது அந்த அமைப்பா, பயிற்சி நிறுவனமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். வரி உள்பட மொத்தக் கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். கே.எம்.பி. 1-க்குக் கேள்வி வங்கி விற்கிறோம், வகுப்புக்கு வராமலேயே வாங்கித் தருகிறோம் என்பவர்களை விட்டு விலகுங்கள். "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்பவர்களையும்தான்.

பிள்ளை வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே பயிற்சிக்கு நிதி இருக்கலாம். இரண்டாம் வாரம் எடுத்த கணக்கை மேலாளரிடம் காட்டி, "நம் பிரிவில் இந்த இடத்தில் வேலை தேங்குகிறது, சரிசெய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று கேட்டால், வெறும் விளம்பரத்தைக் காட்டிக் கேட்பதைவிட மதிப்பு கூடும். இதற்காக நகையை அடகு வைப்பதோ வட்டிக்குக் கடன் வாங்குவதோ கூடவே கூடாது. இது அவசரமாக முடிக்க வேண்டிய படிப்பு அல்ல.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் பலரிடம் பாதியில் நிற்கும் படிப்புகள் இருக்கின்றன. பைத்தான் பாதி, டேலி பாதி, ஸ்போக்கன் இங்கிலீஷ் பாதி. ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டியாயிற்று, எதுவும் முடியவில்லை. அந்த வரிசையில் கான்பானையும் சேர்த்தால் அது கான்பானுக்கே எதிரானது. எனவே பிள்ளை முதல் பலகையைத் தன் படிப்புக்கே வரையட்டும். நடப்புக் கட்டத்தில் வரம்பு ஒன்று என்று எழுதட்டும். பாதியில் நிற்பவற்றில் எது தேவை, எதை விட்டுவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஒன்றை முடித்துச் சீட்டை நகர்த்திய பிறகு இந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம்.